தறிக்கூலியின் சாய்வு

பல்லடம் பக்கத்துப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் சாய்வைப் படிக்கிறார்கள். நேர்கோடு கிடை அச்சோடு உண்டாக்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தறி ஓடும் வீடுகளில் அதே சாய்வு வருடக்கணக்காகப் பேசப்படுகிறது. அங்கே அதற்குப் பெயர் கூலி.

இந்த வட்டாரத்தில் கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர்கள் ஏராளம். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் காடா துணியாக நெய்து கொடுத்து, மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார். மீட்டரைக் கிடை அச்சிலும் ரூபாயைச் செங்குத்து அச்சிலும் குறித்தால், ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்பும் நேர்கோடு வரும். மீட்டருக்கு எத்தனை ரூபாய் என்பதே அதன் சாய்வு.

2021 நவம்பர் பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் உள்ளிட்ட மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு முடிவானது. அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். பழைய கூலி 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் கூடினால் 6 ரூபாய். 100 மீட்டருக்கு 100 ரூபாய் கூடுதல், 1,000 மீட்டருக்கு 1,000 ரூபாய். நெய்ய நெய்ய இரண்டு கோடுகளுக்கும் நடுவே இடைவெளி விரிகிறது. ஒரே தடவை ஒரு தொகை கொடுத்திருந்தால் கோடு மொத்தமாக மேலே நகர்ந்திருக்கும், சாய்வு மாறியிருக்காது. போராட்டம் தொகைக்காக இல்லாமல் வீதத்துக்காக நடந்ததன் நியாயம் இதில் தெரிகிறது.

கோணத்தை மட்டும் நம்பினால் கண் ஏமாறும். செங்குத்து அச்சில் ஒரு கட்டத்துக்கு 100 ரூபாய் என்றிருப்பதை 50 ஆக்கினால் கோடு விறைப்பாக நிமிரும். கூலி ஒரு பைசாகூட ஏறியிருக்காது. இரு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் இருக்கும்வரைதான் டேன்ஜென்ட் விளக்கம் செல்லும். ஒரு பக்கம் ரூபாய், மறுபக்கம் மீட்டர் என்று வந்துவிட்டால், இரண்டு புள்ளிகளை எடுத்து ரூபாய் வித்தியாசத்தை மீட்டர் வித்தியாசத்தால் வகுத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்த பயிற்சிக்கு மின்கணக்கு கைவசம் இருக்கிறது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023இல் 1,000 யூனிட்டாக உயர்த்தியது. யூனிட்டுக்கான கட்டணத்தை மட்டும் வரைந்தால் அதுவரை சாய்வு பூஜ்ஜியம், பிறகு கோடு மேலேறும். அந்தச் சலுகை முறிவுப் புள்ளியை வலப்பக்கம் 250 யூனிட் தள்ளியது. 2022 செப்டம்பர் கட்டண உயர்வோ முறிவுக்கு அப்பால் உள்ள பகுதியின் சாய்வைக் கூட்டியது. இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பார்க்கும் மாணவிக்கு, எந்த மாற்றம் தன் வீட்டுத் தறியை எவ்வளவு தொட்டது என்று தானே கணக்கிட முடியும்.