களப்பணிக்குக் கொடுக்கும் விலை

சமூகப் பணிப் பட்டம் பெறுவதற்காக வங்கியில் கடன் வாங்கலாமா, வாங்கினால் பின்னால் வரும் சம்பளத்தில் அது அடைபடுமா என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம், அந்தக் கேள்வியைச் சுயநலம் என்று கண்டிக்கிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம் வருகிறதே ஒழிய, கேட்டவர்கள் மீது வருவதில்லை. ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்று மயிலாப்பூரில் வசிக்கும் என்னிடம், நன்கு படித்த கனவான் ஒருவர், "சேவை செய்ய மனசு இருந்தால் போதாதா? அதற்கு எதற்கம்மா பட்டமும் கடனும்?" என்று கேட்டார். மகனுக்குச் சிறுநீரகம் கொடுக்க வேண்டியவர் மனைவியா, தாயா, தமக்கையா என்று ஒரு குடும்பம் வார்டு வராந்தாவில் மூன்றாகப் பிளந்து நிற்கும்போது, மனசை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவே ஒரு மணி நேரம் யாராலும் உட்கார முடியாது.

மனசே போதும் என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்ததென்பதையும் நான் அறிவேன். இன்றும் அடையாற்றில் நடந்துவரும் அவ்வை இல்லத்தை 1930-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆந்திர மகிள சபையை உருவாக்கிய துர்காபாய் தேஷ்முக், 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவ் ஆகிய மூவரும் தங்கள் காலத்தையும் செல்வாக்கையும் ஊருக்கென்றே செலவிட்டவர்கள். நன்மனமே போதும் என்று எண்ணாமல், இதற்குப் பயிற்சி வேண்டுமென்று கல்லூரியே ஏற்படுத்திய மேரி அம்மையாரின் தீர்க்கதரிசனத்தை நாம் மறந்துவிட்டோம். ஊதியம் எதிர்பாராத தியாகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, திண்டிவனத்திலிருந்து ஹாஸ்டலுக்கு வந்து கடனில் படிக்கும் பெண்ணிடமும் அதையே எதிர்பார்க்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். சுயநிதிப் பிரிவில் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சமாக இரண்டு ஆண்டுக்கு 3 லட்சம் கடன் என்றும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதை வங்கிகள் சலுகையாகச் சொல்லும். ஆனால் அந்த மூன்று ஆண்டில் வட்டி மட்டும் 75,000 ஏறிவிடுகிறது. ஏழு ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை 6,200 ரூபாயைத் தாண்டும். தொகுப்பூதியம் 18,000 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு விதித்திருந்ததால், அந்தப் பக்கம் போனவர்கள் கடனை அடைத்துவிட்டார்கள். மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் சிறப்புப் பிரிவை எடுத்தவர்கள்தான் தவிக்கிறார்கள். அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசாங்கத்திலோ லாப நோக்கற்ற ஸ்தாபனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே 120 தவணை கட்டியவருக்கு மிச்ச மத்திய அரசுக் கடன் தள்ளுபடியாகிறது. நமக்கு அப்படி ஏதும் இல்லை.

ஆனாலும் சம்பளத்தையும் தவணையையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள், அந்தக் கடன் எதை வாங்கியது என்று கேட்பதில்லை. எனக்கு அது வாங்கித் தந்தது என் களப்பணி ஆசிரியையை. களத்தில் கண்டதையும் பேசியதையும் வாரந்தோறும் ரெக்கார்டிங் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 'வறுமையான குடும்பம்' என்று எங்களில் எவள் எழுதினாலும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, வாடகை எவ்வளவு, தண்டல்காரருக்கு அன்றாடம் எவ்வளவு, அடகில் இருக்கும் நகை யாருடையது, நோயாளி படுக்கையில் விழுந்த பிறகு அந்த வீட்டில் யாருடைய சாப்பாடு குறைந்தது என்று ஓரத்தில் கேள்விகளாக எழுதித் திருப்பிக் கொடுப்பார். இவற்றைக் கேட்டால் எதிரில் இருப்பவர் குன்றிப்போவார். கேட்காவிட்டால் இலவச மருந்துக்கு நாம் எழுதும் சிபாரிசு ஆதாரமற்றதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே, கேளாமலே அவராகச் சொல்லும்படி உட்காரத் தெரிவதுதான் இந்தத் தொழில். அதை எந்தப் புத்தகமும் கற்பிக்கவில்லை. "நீ கேட்டதை எழுதியிருக்கிறாய், அவள் சொன்னதையும் எழுதியிருக்கிறாய், இடையில் அவள் பேசாமல் இருந்தாளே, அது எங்கே?" என்று ஒருமுறை கேட்டார். அந்த மௌனத்தை எழுதப் பழகியபின்தான், கணவன் எதிரில் 'கஷ்டமில்லை' என்று சொல்லும் பெண்ணை மறுநாள் தனியாக வரச்சொல்ல எனக்குத் தெரிந்தது.

இன்று பல கல்லூரிகளில் ஒருவர் எழுதிய ரெக்கார்டைப் பத்துப் பேர் பிரதி எடுத்துக் கொடுக்கிறார்கள். ஸ்தாபனத்தின் வாசலில் நின்று எடுத்த புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் களப்பணி வருகைப் பதிவாகிவிடுகிறது. முப்பது மாணவர்களுக்கு ஒரே ஆசிரியர் என்றால் அவர்தான் யாருடைய நோட்டைத் திருத்துவார்? களப்பணிக்குப் போகும் ஸ்தாபனத்திலும் பழக்க ஆள் இல்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியபின், மேலாண்மைச் சம்பளமெல்லாம் அந்தக் கணக்கில் சேர்வதால், நான் அறிந்த ஸ்தாபனங்களில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இளையவரைப் பழக்கும் மூத்தவர்களே. வழக்கறிஞருக்கு 1961 முதல் ஒரு சட்டமும் பார் கவுன்சிலும் உண்டு. எங்கள் தொழில் முழுவதற்குமாக, யார் சமூகப் பணியாளர், அவர் எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் பழகியிருக்க வேண்டும் என்று நிர்ணயிக்கும் சட்டபூர்வமான தனிச் சபை இன்றுவரை இல்லை.

ஆகையால் என்னிடம் வருகிறவர்களிடம், கட்டணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கண்டு, ரெக்கார்டு எத்தனை நாளில் திரும்பி வருகிறது, அதைத் திருத்துகிறவர் யார் என்று கேட்டறியச் சொல்கிறேன். (நோட்டைக் காட்டச் சொல்லக் கூடாது, அதில் பிறர் வீட்டு ரகசியம் இருக்கிறது.) திருத்தி வருவதே இல்லை என்று அவள் சொன்னால் அந்தக் கல்லூரிக்கென்று ஒரு ரூபாயும் கடன் வாங்க வேண்டாம். வருகிறது என்றால், அரசு உதவிபெறும் பிரிவில் இடம் கிடைக்கிறதா என்று முதலில் முயன்று பார்த்து, கிடைக்காத பட்சத்தில், முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் தவணை போகாதபடி கடனைக் குறைத்து வாங்கச் சொல்கிறேன்.