மார்பு 34, விரித்தால் 36

எனக்குத் தெரிந்து அப்பாவின் உடம்பை ஒரு டாக்டர் முழுசாகப் பார்த்தது எல்.ஐ.சி. பாலிசி எடுத்தபோதுதான். ஏஜென்ட் மாமா பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் வீட்டுக்கு அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு நின்ற அப்பாவின் மார்பைச் சுற்றி நாடாவைப் பிடித்து, "மூச்சை நல்லா இழுங்க... விடுங்க" என்றார் டாக்டர். 34, விரித்தால் 36. அந்த இரண்டு அங்குலத்தில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முதலில் சொன்னது அதைத்தான். அதே நாடாவால் வயிற்றையும் அளந்திருந்தார்கள். அந்த அளவை அப்பா சொல்லவே இல்லை.

பாலிசிக்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. நாம் எப்போது சாவோம் என்பதில் பணம் கட்டி உட்கார்ந்திருப்பவர்கள் காப்பீட்டுக்காரர்கள். ஆயுளைக் காட்டிக்கொடுக்கும் எந்த எண்ணையும் அவர்கள் விடுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் விண்ணப்பிப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஆரம்பித்துவிட்டன. கையில் பட்டையைச் சுற்றிப் பாதரசம் ஏற்றும் கருவியை இத்தாலியில் ரிவா-ரோச்சி வெளியிட்டது 1896-ல். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒலி கேட்டு மேல் அளவும் கீழ் அளவும் குறிக்கலாம் என்று ரஷ்யாவில் கொரோட்கோவ் சொன்னது 1905-ல். மருத்துவர்களில் பலர் இதெல்லாம் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, காப்பீட்டுக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் ஆண்பிள்ளையின் உடம்பை எப்போதும் வேறு யாருக்காவதுதான் அளக்கிறார்கள். போலீஸ் வேலைக்கு மைதானத்தில் மார்பு அளப்பார்கள். சர்க்கார் உத்தியோகத்துக்குத் தகுதிச் சான்று. லைசென்ஸுக்குக் கலர் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். வேலையில் இருக்கும்வரை யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ரிட்டையர் ஆனபிறகு கருவூலத்தில் வருஷா வருஷம் நேர்காணல் ஒன்று உண்டு. அதில் கேட்பது ஒரே கேள்வி: உயிரோடு இருக்கிறீரா? எப்படி இருக்கிறீர் என்பது அந்தப் படிவத்தில் இல்லை. சர்க்கரையும் பிரஷரும் வந்து உட்காருகிற வயதில்தான் கேட்க ஆள் இல்லாமல் போகிறது.

பெண்கள் கதை வேறு. அக்கா முதல் பிள்ளையை உண்டாகியிருந்தபோது மாசா மாசம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வருவாள். எடை, பிரஷர், சிறுநீர், ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எல்லாம் ஒரு அட்டையில் ஏறும். முப்பது வயதுக்குள் அவளுக்கு ஓ.பி. சீட்டு எந்த ஜன்னலில் கொடுப்பார்கள், ரத்தம் எங்கே எடுப்பார்கள், எந்த நர்ஸம்மாவுக்கு வாய் ஜாஸ்தி என்பதெல்லாம் அத்துப்படி. அத்தான் அம்பத்தைந்து வயதில் முதல்முறை ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தார். மதினிமாரும் அக்காமாரும் இல்லாவிட்டால் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேருக்கு வரிசை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பயம் என்கிறார்கள், சோம்பல் என்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதிக்குப் பாதி பழக்கமின்மை.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாரே தவிர, ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போகாமல் இருந்ததில்லை. தினத்தந்தி, அரசியல், கல்யாணத் தரகு எல்லாம் அங்கேதான். லாஸ் ஏஞ்சல்ஸில் ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவர் செய்ததைப் படித்தபோது எனக்கு அந்தச் சலூன் கண்ணாடிகள் ஞாபகம் வந்தன. கறுப்பின ஆண்கள் ரத்த அழுத்தத்துக்கு டாக்டரிடம் போவதில்லை, ஆனால் முடிவெட்டக் கட்டாயம் போகிறார்கள். அப்படியானால் மருந்தாளுநரை முடிவெட்டும் கடைக்கே அனுப்பினால் என்ன? 52 கடைகள், 319 ஆண்கள். கடையிலேயே பிரஷர் பார்த்து, அங்கேயே மாத்திரையும் முடிவு செய்தார்கள். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியிருந்தது. முடிதிருத்துநர் வெறுமனே அறிவுரை சொல்லி டாக்டரிடம் அனுப்பிய கடைகளில் 9 சொச்சம்தான். 2018-ல் வெளியான ஆய்வு. அறிவுரைக்கும் மாத்திரைக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

சலூன்காரர் கண்ணுக்குத் தப்பாதது எதுவுமில்லை. கழுத்துக் கட்டி, உதட்டு ஓரப் புண், காதுக்குப் பின்னால் புதிதாக வந்த மச்சம். வாய்க்குள் மட்டும் அவர் பார்க்கமாட்டார்.

வாய் என்றால் பெரியப்பாதான். வெற்றிலையும் புகையிலையும் அவர் கன்னத்திலேயே குடியிருந்தன. ஒரு கட்டத்தில் ரசம் எரிகிறது என்று மிளகைக் குறைக்கச் சொன்னார். அப்புறம் மிளகாயை. பெரியம்மா குறைத்துக்கொண்டே வந்தாள். வாய் முன்போல் அகலத் திறக்கவில்லை என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீட்டில் மூணு கட்டை டார்ச்லைட் இருந்தது. ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது அதைத்தான் எடுத்துப்போவார்.

அந்த டார்ச்சுக்கு என்ன பலம் உண்டு என்பதை எங்களுக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்தில் நிரூபித்தார்கள். 1996-ல் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, ஆறாத புண் கண்டால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஸ்கேன் கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் வந்த சாவு 34 விழுக்காடு குறைந்தது என்று 2005-ல் லான்செட்டில் எழுதினார்கள். பழக்கம் இல்லாதவர்களுக்கு அந்த லாபம் தெரியவில்லை. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பெண்கள் சுற்றிக் கொடுக்கும் பீடியை ஆண்கள் ஊதித் தள்ளுகிற எங்கள் ஜில்லாவுக்கு இதைவிட மலிவான சோதனை கிடைக்காது.

பெரியப்பா வாய் வரைக்குமாவது பேச்சு வந்தது. இடுப்புக்குக் கீழே என்றால் எங்கள் வீட்டு ஆண்கள் ஊமை. அத்தான் திருச்செந்தூர் பஸ் ஏறுவதென்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார். ராத்திரி மூன்று, நான்கு தடவை எழுந்து போவதை "தூக்கம் வரல" என்று கணக்கெழுதிவிடுவார். புராஸ்டேட் சுரப்பி வயதாக ஆக வீங்குவது சகஜம், பெரும்பாலும் புற்று அல்ல. புற்றா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, பி.எஸ்.ஏ. என்பார்கள். சுரப்பி சாதாரணமாக வீங்கினாலும், கிருமி தொற்றினாலும்கூட அந்த எண் ஏறும். உண்மையிலேயே புற்றாக இருந்தாலும் பல புற்றுகள் அவ்வளவு மெதுவானவை, ஆள் வேறெதிலோ போய்ச்சேர்வார். அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2012-ல் இந்தச் சோதனையே வேண்டாம் என்றது. 2018-ல் கொஞ்சம் இறங்கிவந்து, 55 முதல் 69 வயதுவரை டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம், 70-க்கு மேல் வேண்டாம் என்றது. பேசி முடிவெடுப்பதாம். அத்தானோடு யார் பேசுவது?

சென்னையில் இருக்கும் அக்கா மகன் அதற்குக் குறுக்குவழி வைத்திருந்தான். "மாமா, எண்பது டெஸ்ட் ஒரே பேக்கேஜ். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்க. அப்பாவுக்குப் போட்டுரவா?" எனக்கு இந்த எண்பதில் எப்போதும் ஒரு சந்தேகம். நோய் அறிகுறி இல்லாதவர்களை மொத்தமாக இப்படிச் சோதிப்பது ஆயுளைக் கூட்டுகிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு 2012-லும், மறுபடி 2019-லும், சாவைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே எழுதியது. எண்பது எண்ணில் நாலு எப்படியும் தடித்த எழுத்தில் வரும். அதைத் துரத்திக்கொண்டு அடுத்த சோதனை, அதற்கடுத்த ஸ்கேன். விலைப்பட்டியல் இல்லாத சோதனைகள்தான் உருப்படியானவை என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

அதில் முதலாவது மறுபடி அந்த நாடாதான். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் சர்க்கரை வரும் வாய்ப்பை அளக்க நாலே கேள்வியில் ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டார்கள்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, தாய் தகப்பனுக்குச் சர்க்கரை உண்டா. மொத்தம் 100. 60-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம், ரத்தம் பார்த்தே ஆகவேண்டும். 50 வயதைத் தொட்டவருக்கு 30, உட்கார்ந்த வேலை, நடை கிடையாது என்றால் இன்னொரு 30. அவ்வளவுதான், 60 வந்துவிட்டது. ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தொட்டால் மேலும் 10. எங்கள் டெய்லர் கணக்கில் அது முப்பத்தைந்தரை அங்குலம். தீபாவளிக்குத் தீபாவளி அவர் பேண்ட்டுக்கு அளவெடுத்துக் குறித்த நோட்டில் ஊர் ஆண்களின் சர்க்கரை வரலாறே இருக்கும்.

அத்தானுக்குச் சோதனையை ஏமாற்றவும் தெரியும். முந்தின இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல் இருந்துவிட்டு, வெறும் வயிற்றில் எடுத்த எண்ணைக் காட்டி "பாத்தியா" என்பார். மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி அந்த விரதத்துக்கெல்லாம் மசியாது. 5.7-லிருந்து எச்சரிக்கை, 6.5 என்றால் சர்க்கரை நோய். அந்த ரிப்போர்ட் வந்த அன்றைக்கு லேப்காரன் கைராசி சரியில்லை என்றார்.

இங்கிலாந்தில் ஆண்களுக்கு 65 வயது நிறைகிற வருஷம் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வரும், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா என்று ஒரே ஒரு ஸ்கேனுக்கு வாருங்கள் என்று. ஆண்களுக்கு மட்டும்தான் அந்தக் கடிதம், ஏனென்றால் அந்த வீக்கம் அவர்களுக்கே அதிகம். நம்மூரில் கடிதத்துக்குப் பதில் ஆளே வருகிறார். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர் கருவியும் சர்க்கரை பார்க்கும் மீட்டருமாகத் தெருவுக்கு ஒரு பெண் வருகிறார். அவர் வரும் பகல் நேரத்தில் வீட்டில் ஆண்பிள்ளை இருக்கமாட்டான். அது புரிந்துதானோ என்னவோ, 2024-ல் வேலை செய்யும் இடத்துக்கே போக ஆரம்பித்தார்கள்.

அத்தானை அந்தப் பெண் பிடித்தது வீட்டிலும் இல்லை, வேலையிலும் இல்லை. அண்ணாச்சி பலசரக்குக் கடை பெஞ்சில். அண்ணாச்சி முதலில் கையை நீட்டியிருந்தார், பக்கத்தில் இருந்ததால் அத்தானும் நீட்டவேண்டியதாயிற்று. 168-க்கு 100. மெஷின் கோளாறு என்றார். "அந்தக் கையிலயும் பாத்துருவோம் மாமா" என்று அந்தப் பெண் பட்டையை மாற்றிக் கட்டியது. 170.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை வருகிறது. அக்கா எடுத்துக் கொடுக்காமலே விழுங்குகிறார். அண்ணாச்சி ஒருநாள் கேலியாக, "என்னவே, கல்லு கணக்கா இருக்கேன்னு சொன்னீரு?" என்று கேட்டதற்கு அத்தான் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்லவே. கவர்மெண்ட்ல வீடு தேடி வந்து குடுக்காவ, வேண்டாம்னா அந்தப் புள்ளைக்கு வேல போயிரும்லா."