அழைப்பும் அதன் எல்லையும்

கிறிஸ்துநாதர் மரித்தது எல்லாருக்காகவுமோ, தெரிந்துகொள்ளப்பட்டோருக்காக மட்டுமோ என்னும் வினாவைப் பற்றிச் சென்ற ஆண்டு கல்லூரி மூடுவதற்கு முந்திய இரவில் விடுதி நண்பரொருவரோடு நெடுநேரம் வாதிட்டோம். தெரிந்துகொள்ளப்பட்டோருக்காகவே என நாட்டி வெற்றியும் பெற்றோம்.

அடுத்த வாரம் எம்மூர் உபதேசியாரோடு அயற்கிராமம் ஒன்றிற்குச் சுவிசேஷ ஊழியத்தின் பொருட்டுச் சென்றோம். பாட்டு முடிந்ததும் மூதாட்டி ஒருவர் எம்மை அணுகி, “தம்பி, அவர் எனக்காகவுமா செத்தார்?” என வினவினார். விடுதியில் வென்ற நா அங்கே எழவில்லை. உபதேசியாரே முன்வந்து, “அவர் உங்களைக் கூப்பிடுகிறார், அம்மா, வாருங்கள்” என்றார்.

விடுமுறை கழிந்து வெட்கத்தோடு மீண்ட யாம், கல்லூரி நூல்நிலையத்தில் ஆண்ட்ரூ புல்லர் என்பாரின் சரிதத்தைக் கற்றோம். இங்கிலாந்தில் சோஹாம் என்னுமூரில் அவர் இளமையிற் சென்றுவந்த பாப்திஸ்து சபையில், மனந்திரும்பாதாரை நோக்கி ‘வருக’ என்றழைக்கும் வழக்கமில்லை. விசுவாசிக்கும் ஆற்றலற்றாரை அழைப்பதாற் பயனென்னை என்பது அக்காலத்து அத்தகையோர் கொள்கை. ஆதலின், 1769-இல் 15 வயதுப் பிள்ளையாய்ப் பாவபாரத்தால் வருந்திய புல்லர், கிறிஸ்துவினிடம் செல்லத் தமக்கு உரிமையுண்டோ என அறியாது கலங்கினார். அழைப்பின்றி அரசன்முன் உயிரைப் பணயம் வைத்துச் சென்ற எஸ்தரை நினைந்தே துணிவுற்றார். திறந்திருந்த வாயிலை அஞ்சியஞ்சி அணுகிய அப்பிள்ளையின் துயரம் எம் நெஞ்சை உருக்கிற்று.

அவரே பின்னர் 1785-இல் ‘எல்லா அங்கிகரிப்புக்கும் பாத்திரமான சுவிசேஷம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். தெரிந்துகொள்ளுதலைப் பற்றிய உபதேசத்தை அவர் கைவிட்டிலர். ஆயினும் சுவிசேஷத்தைக் கேட்கும் யாவரும் விசுவாசிக்கக் கடமைப்பட்டவர், ஆகவே யாவரையும் அழைத்தல் வேண்டும் என நிறுவினார். 1792-இல் கெட்டரிங் நகரில் அவரும் வில்லியம் கேரியும் பிறரும் கூடி மிஷன் சங்கமொன்றை ஏற்படுத்தினர். மறு ஆண்டே கேரி வங்காளத்திற்குக் கப்பலேறினார்.

1618–1619-இல் ஒல்லாந்து தேசத்துத் தோர்த் நகரிற் கூடிய சங்கத்தின் தீர்மானங்களையே யாம் அன்றிரவு ஆதாரமாகக் காட்டியிருந்தோம். அவற்றையும் மீண்டும் எடுத்துப் பார்த்தோம். கிறிஸ்துவின் மரணம் உலகனைத்தின் பாவத்தையும் நிவிர்த்திக்கப் போதுமானது என்றும், சுவிசேஷம் வேற்றுமையின்றி எல்லாச் சாதியார்க்கும் அறிவிக்கப்படல் வேண்டும் என்றும் அவையே கூறுகின்றன. வாதத்திற்கு வேண்டிய பகுதியை மட்டும் யாம் படித்திருந்தோம்!

மீட்பின் எல்லையைப் பற்றிய எம் கருத்து இன்றும் மாறவில்லை. ஆயினும், விருந்திற்கு எத்தனை இலை என்பதை வீட்டுக்குடையவர் அறிவார். அழைக்கப் போன ஏவலாளன் தெருவில் நின்று எண்ணிக்கொண்டிருத்தல் தகுமோ?

வருகிற விடுமுறையில் அக்கிராமத்திற்கு மீண்டும் செல்லக் கருதியுள்ளோம். அம்மூதாட்டியார் உயிரோடிருப்பாராயின், இம்முறை எம் வாயாலேயே விடை கூறல் வேண்டும்.