ஒரு சொடக்கும் ஐந்தாண்டுத் துயரமும்

வீரர் பலர் ஒன்றுகூடிப் போரிடும் கதை தமிழர்க்குப் புதிதன்று. பாரதக் கூத்தில் வீமன் வந்தால் ஒரு கூட்டம் ஆர்ப்பரிக்கும். அருச்சுனன் வந்தால் இன்னொரு கூட்டம் கைதட்டும். கர்ணன் சாயும்போது எல்லாரும் கண்கலங்குவர். 1964ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ திரைப்படத்தில் சிவாஜி கணேசன், என். டி. ராமாராவ், முத்துராமன், அசோகன், தேவிகா, சாவித்திரி எனப் பெரிய நடிகர் பட்டாளமே இருந்தது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாய் விரித்து அமர்ந்த மக்கள் தத்தம் நாயகனின் வருகைக்காகக் காத்திருந்தனர். இத்தகைய கதையை எடுப்பவர்க்கு ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. ஒவ்வொரு வீரனுக்கும் உரிய இடத்தைக் கொடுத்தால் கதை நீளும். கொடுக்காவிட்டால் இரசிகரின் முகம் சுருங்கும்.

2019ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ இந்தச் சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்தித்த படம். 2008இல் ‘அயர்ன் மேன்’ படத்துடன் தொடங்கிய வரிசையில் இது 22ஆவது. அந்தோணி ரூசோ, ஜோ ரூசோ என்னும் சகோதரர்கள் இயக்கிய இப்படம் 3 மணி 1 நிமிடம் ஓடுகிறது. உலகெங்கும் 270 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் ஈட்டியது. ஈட்டிய பணத்தை வைத்துப் படத்தின் தரத்தை எடைபோட முடியாது என்பது வேறு செய்தி.

இதற்கு முந்தைய பாகமான ‘இன்ஃபினிட்டி வார்’ 2018இல் வெளிவந்தது. அதன் முடிவில் தானோஸ் என்னும் கொடியவன் ஆறு கற்களின் ஆற்றலைக் கைக்கொண்டு ஒரு சொடக்குப் போடுகிறான். அண்டத்தில் வாழும் உயிர்களில் பாதி துகளாகி மறைகின்றன. அடுத்த பாகத்தில் நாயகர்கள் உடனே பழிவாங்கப் புறப்படுவார்கள் என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். அப்படித்தான் அவர்கள் புறப்படுகிறார்கள். தானோஸைக் கண்டுபிடித்துக் கொன்றும் விடுகிறார்கள். ஆனால், அவன் அந்தக் கற்களை முன்னரே அழித்துவிட்டான். போனவர்கள் திரும்பவில்லை. திரையில் ‘ஐந்து ஆண்டுகளுக்குப் பின்’ என்ற சொற்கள் தோன்றுகின்றன.

படத்தின் சிறந்த பகுதி இதுதான். அடிதடி அறவே குறைந்த இந்தப் பகுதியில் கேப்டன் அமெரிக்கா உறவுகளை இழந்தவர்களுடன் வட்டமாக அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறார். நட்டாஷா என்னும் பிளாக் விடோ ஆளில்லாத தலைமையகத்தில் தனியே இருந்து பணியைப் பார்க்கிறாள். தோர் குடியில் மூழ்கிக் கிடக்கிறான். டோனி ஸ்டார்க்கோ ஏரிக்கரையில் வீடு கட்டி, மனைவியுடனும் சிறு மகளுடனும் வாழ்கிறார். ஒருவருக்குக் காலம் நின்றுவிட்டது. இன்னொருவருக்கு அதே காலம் ஒரு குழந்தையைத் தந்திருக்கிறது. இழந்தவர்களை மீட்கலாம் என்ற வழி தெரிந்ததும் டோனி விதிக்கும் நிபந்தனை இதனால் வலுப்பெறுகிறது. போனவர்கள் வரட்டும், ஆனால், இந்த ஐந்தாண்டுகளில் வந்தவளை இழக்கக் கூடாது. கதையின் உயிர் இந்த நிபந்தனையில் இருக்கிறது.

வட சிலாங்கூரில் தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்த வெறிச்சோடிய தெருக்காட்சிகள் அந்நியமாகத் தோன்றமாட்டா. மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தபின் பூட்டிக் கிடக்கும் லயன் வீடுகளையும், ஆள் குறைந்துபோன கோயில் திருவிழாவையும் அவர்கள் கண்டிருப்பார்கள். அங்கே எவரும் சொடக்குப் போடவில்லை. இருந்தும் பாதிப் பேர் இல்லை.

நடுப்பகுதியில் நாயகர்கள் காலப்பயணம் செய்து கற்களைத் திரட்டுகிறார்கள். பழைய படங்களின் காட்சிகளுக்குள்ளேயே புகுந்து வருவதால் நகைச்சுவைக்குக் குறைவில்லை. 1970ஆம் ஆண்டுக்குச் செல்லும் டோனி, தாம் பிறப்பதற்கு முன்பிருந்த தம் தந்தையைச் சந்தித்து, தாம் யார் என்று சொல்லாமலே தழுவிக்கொள்ளும் இடம் மனத்தில் நிற்கிறது. இருப்பினும், முந்தைய படங்களைப் பார்க்காதவர்க்கு இப்பகுதி புரியாது. 21 படங்களை முன்பாடமாகக் கேட்கும் கதையை எல்லார்க்குமான கதை என்று எப்படிச் சொல்வது? காலப்பயணத்தின் விதிகளும் கடைசியில் குழம்புகின்றன. கேப்டன் எப்படி முதியவராக ஏரிக்கரையில் வந்து அமர்ந்தார் என்பதற்கு இயக்குநர்கள் ஒரு விளக்கமும் திரைக்கதை ஆசிரியர்கள் வேறொரு விளக்கமும் தந்தனர். இத்தனைக்கும் மீட்பு முயற்சி தொடங்கியதே ஓர் எலி தற்செயலாக இயந்திரத்தின் பொத்தானை மிதித்ததால்தான்!

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு. பாகான் நக்கோடா ஓமாரில் பேத்தியுடன் அமர்ந்து இப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பாட்டி ஒருவர் அதைச் சட்டென்று பிடித்துவிட்டார்.

“அந்தப் பொண்ணும்தானே செத்துச்சு? அதுக்கு ஏன்மா ஒண்ணும் செய்யல?”

“யாரு பாட்டி?”

“மலையிலேர்ந்து விழுந்துச்சே, அதுதான்.”

பேத்தியிடம் பதில் இல்லை. ஒரு கல்லைப் பெறுவதற்காக, நண்பனைக் காப்பாற்றிவிட்டு, நட்டாஷா மலையுச்சியிலிருந்து விழுந்து உயிர் துறக்கிறாள். அவளுக்காக நண்பர்கள் சிறிது நேரம் அழுகிறார்கள், கதை நகர்ந்துவிடுகிறது. டோனி இறக்கும்போது மட்டும் அத்தனை வீரர்களும் கறுப்புடையில் அணிவகுத்து நின்று வழியனுப்புகிறார்கள். இருவரும் கொடுத்தது ஒன்றையே. தோரின் துயரமும் இவ்வாறே மலிவாக்கப்படுகிறது. தாயையும் தம்பியையும் நாட்டையும் இழந்து நொறுங்கியவனின் தொப்பையைக் காட்டிப் படம் மீண்டும் மீண்டும் சிரிக்க வைக்கிறது.

இறுதிப்போரில் எதிர்நிற்கும் தானோஸும் சொடக்குப் போட்ட தானோஸ் அல்லன். பழைய காலத்திலிருந்து வந்தவன். தன்னிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துவிட்டாய் என்று வாண்டா சீறும்போது, அவளை யாரென்றே தனக்குத் தெரியாது என்கிறான். அவன் சொல்வது உண்மை. அதனால் அவள் கோபம் போய்ச் சேரவேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது.

தமிழ்க் குரல்மாற்றுப் பதிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ. ஆர். முருகதாஸ் உரையாடல் எழுத, அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தனர். முன்னோட்டம் வெளியானபோதே பலர் பழைய குரல்தான் வேண்டும் என்றனர். புகழ்பெற்ற நடிகரின் குரல் காதில் விழுந்ததும் பாத்திரம் மறைந்து நடிகர் முன்னே வந்துவிடுகிறார் என்பது அவர்களின் குறை. அது நியாயமானதே.

ஆயினும், டோனியின் கடைசிச் சொடக்கு எந்த மொழியிலும் தன் வேலையைச் செய்கிறது. ஆயுதம் விற்றுச் செல்வம் சேர்த்தவராக 2008இல் அறிமுகமான மனிதர், மகள் காத்திருப்பதை அறிந்தும், திரும்பி வர இயலாத செயலைச் செய்கிறார். 11 ஆண்டுகள் பொறுமையாக வளர்த்த பாத்திரத்தால்தான் அந்தச் சில நொடிகளுக்கு அவ்வளவு கனம் கிடைத்தது. இவ்வரிசைப் படங்களில் பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு அடுத்த கதைக்கான குறிப்புக் காட்சி ஒன்று வருவது வழக்கம். இதில் அது இல்லை. திரை இருண்டபின், முதல் படத்தில் குகைக்குள் டோனி இரும்புக் கவசத்தை அடித்துச் செய்த சுத்தியலின் ஓசை மட்டும் கேட்கிறது.