சரவணம்பட்டி டூ வெள்ளலூர்: கோவையில ஒரு ரவுண்ட்!

காலேஜ் சேர்ந்து கோயம்புத்தூர் வந்த புதுசுல எல்லாரும் போற ரூட் ஒண்ணு இருக்கு. மருதமலை, புரூக்ஃபீல்ட்ஸ் மால், செமஸ்டர் முடிஞ்சா ஊட்டி. அதெல்லாம் எங்கேயும் ஓடிப் போயிடாது பாஸ். கிளாஸ் இல்லாத ஒரு நாளாப் பார்த்து, நான் சொல்ற ரூட்டுல ஒருவாட்டி போய்ப் பாருங்க. செலவு டவுன் பஸ் டிக்கெட்டும் ரெண்டு டீயும்தான்.

ஆரம்பம் சரவணம்பட்டி. சத்தி ரோடு முழுக்க ஐ.டி. கம்பெனி, பி.ஜி., பிரியாணிக் கடைன்னு ஜேஜேன்னு இருக்கும். பார்த்தா பிறந்ததுலேர்ந்தே சிட்டியா இருந்த மாதிரி தோணும். ஆனா 2011 வரைக்கும் இது ஒரு பேரூராட்சி. பக்கத்துல காளப்பட்டி, சின்னவேடம்பட்டி, அந்தப் பக்கம் துடியலூர், வடவள்ளி எல்லாமே அப்படித்தான். குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் மூணும் தனித்தனி நகராட்சி. அந்த வருஷம் இதையெல்லாம் மாநகராட்சியோட சேர்த்தாங்க. சுமார் 105 சதுர கிலோமீட்டரா இருந்த கோவை 257 ஆச்சு. 72 வார்டு, 100 வார்டு ஆச்சு.

பேப்பர்ல ஊர் ஒரே நாள்ல வளர்ந்துடும். குழாய் அப்படி வளராது. புதுசா சேர்ந்த பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடையும் தண்ணி லைனும் வர்றதுக்கு வருஷக்கணக்காச்சு. ரோட்டைத் தோண்டி, மூடி, மறுபடி தோண்டின கதையை அந்த ஏரியா ஆட்டோ அண்ணன்கள்கிட்ட கேட்டா ஒரு டீ ஆறுற வரைக்கும் சொல்லுவாங்க. அப்புறம், 'கோவைன்னா சிறுவாணித் தண்ணி'ன்னு ஊர்ல பெருமையடிச்சிட்டு வந்திருப்பீங்க. உங்க ஹாஸ்டல் கிழக்கேயோ வடக்கேயோ இருந்தா, குடிக்கறது பெரும்பாலும் பில்லூர்லேர்ந்து வர்ற பவானித் தண்ணியா இருக்கும். பில்லூர் மூணாவது திட்டம் 2024-லதான் தொடங்கி வெச்சாங்க. சிறுவாணி அணை இருக்கறதே கேரளாவுல. இதை உள்ளூர் நண்பன்கிட்ட சத்தமா சொல்லிடாதீங்க, கோவிச்சுக்குவான்!

அடுத்து காந்திபுரத்துல பஸ் மாறி டவுன்ஹால். இந்த ஏரியாவுக்கே பேர் குடுத்த கட்டடம், 1892-ல் கட்டின விக்டோரியா ஹால். துணிக்கடைப் பையோட நெரிசல்ல நடக்கற கூட்டத்துல முக்கால்வாசிப் பேர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கறதில்லை. மாநகராட்சி மாமன்றம் கூடுறது அங்கதான். கோவை 1866-ல் நகராட்சி ஆச்சு, முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். மாநகராட்சி ஆனது 1981-ல். உங்க தெரு லைட்டு, கொசு மருந்து, வீட்டு வரி, பார்க்குல உடைஞ்ச ஊஞ்சல் வரைக்கும் பேச்சு இந்த ஒரு ஹாலுக்குள்ளதான் நடக்கணும்.

'நடக்கணும்'னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2016 அக்டோபர்ல அப்போ இருந்த கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிஞ்சது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு கவுன்சிலர்கூட கிடையாது, தனி அதிகாரி நிர்வாகம்தான். ஸ்மார்ட் சிட்டி வேலைகள் பெரும்பாலும் நடந்தது அந்தக் காலத்துல. கேள்வி கேக்க வேண்டிய நாற்காலி எல்லாம் காலி! ஒருத்தர் முதல் வருஷம் சேர்ந்து, டிகிரி முடிச்சு, பி.ஜி.யும் முடிச்சுட்டுப் போற காலம் அது. அப்புறம் நடந்த தேர்தல்ல பாதி இடம் பெண்களுக்கு. ஊருக்கு முதல் பெண் மேயரா கல்பனா ஆனந்தகுமார் வந்தாங்க. 2024-ல் அவங்க ராஜினாமா பண்ண, ரங்கநாயகி மேயர் ஆனாங்க. வாக்குக்கு 18 வயசு, கவுன்சிலரா நிக்க 21 போதும். உங்க கிளாஸ் ரெப்பை இப்பவே கொஞ்சம் மரியாதையா நடத்துங்க.

டவுன்ஹால்லேர்ந்து உக்கடம் நடந்தே போயிடலாம். பெரியகுளம், 300 ஏக்கருக்கு மேல. சாயங்காலம் அந்தக் கரையில காத்து சும்மா அள்ளிட்டுப் போகும். 2010-ல் குளங்களைப் பராமரிக்கற பொறுப்பு மாநகராட்சி கைக்கு வந்தது. 2013 கோடையில இந்தக் குளம் காய்ஞ்சு கிடந்தப்போ, மாநகராட்சியோட சேர்ந்து ஊர்க்காரங்களும் மாணவர்களும் மண்வெட்டியும் பாண்டுமா வந்து தூர் வாரினாங்க. குளத்துக்குள்ள இறங்கி வேலை பார்த்த அந்தக் கூட்டத்துல உங்க சீனியரோட சீனியர் யாராச்சும் இருந்திருப்பாங்க. எனக்கு இன்னைக்கு இருக்கற டைல்ஸ் நடைபாதையைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் பெரிசாத் தெரியுது.

ஆனா ஒண்ணு. குளக்கரைகளை அழகுபடுத்தறதுக்கு முன்னாடி அங்க வீடுகள் இருந்தது. அந்தக் குடும்பங்கள்ல பலரை கீரணத்தம், மலுமிச்சம்பட்டி மாதிரி ஊர் ஓரத்துல இருக்கற அடுக்குமாடிகளுக்கு அனுப்பினாங்க. டவுனுக்குள்ள கூலி வேலை, வீட்டு வேலை பார்த்தவங்களுக்கு பஸ்ஸுக்கே ஒரு மணி நேரம் போகும். நீங்க செல்ஃபி எடுக்கற இடம் யாரோ ஒருத்தரோட திண்ணையா இருந்திருக்கலாம்.

இப்ப கடைசி ஸ்டாப், வெள்ளலூர். உக்கடத்துலேர்ந்து போத்தனூர் பக்கமா போகணும். சரித்திர வகுப்புல தூங்காதவங்களுக்குத் தெரியும், ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலா கிடைச்ச ஊர் இது. 19-ம் நூற்றாண்டுலேயே கிடைச்சது. நொய்யல் கரையில ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வியாபாரம் பார்த்த பூமி. இன்னைக்கு கோயம்புத்தூர்ல யார்கிட்ட வெள்ளலூர்னு சொன்னாலும் அவங்க சொல்ற அடுத்த வார்த்தை 'குப்பைக் கிடங்கு'. 2020-ல் தொடங்கிப் பாதியில நின்னுபோன பஸ் ஸ்டாண்டும் இந்த ஊர்லதான்.

மாநகராட்சியோட 100 வார்டுக் குப்பையும் பெரும்பாலும் வந்து சேர்ந்தது இங்கதான். காத்து திரும்பினா சுத்துப்பட்டுல ஜன்னலைத் திறக்க முடியாது. விஷயம் என்னன்னா, வெள்ளலூர் 2011 இணைப்புல சேரலை. தனிப் பேரூராட்சியாவே இருந்தது. 2022 தேர்தல்ல அந்த மக்கள் ஓட்டுப் போட்டது பேரூராட்சிக்கு, மாநகராட்சிக்கு இல்லை. சிட்டியோட குப்பை வரும், ஆனா சிட்டியோட மாமன்றத்துல அவங்களுக்குன்னு ஒரு நாற்காலி கிடையாது. 2024 டிசம்பர் கடைசியில அரசு வெளியிட்ட விரிவாக்கத் திட்டத்துலதான் மதுக்கரை, இருகூர், பேரூரோட வெள்ளலூர் பேரும் வந்தது. அதுக்குள்ள எத்தனை வருஷம் மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

2024 ஏப்ரல்ல அந்தக் கிடங்கு பத்திக்கிச்சு. அணைக்கவே பத்து நாளுக்கு மேல ஆச்சு. புகை ஊருக்குள்ள வந்தது. ஜூலை மாசம் மாமன்றத்துக்கு வந்த கணக்குல, அந்தத் தீயை அணைச்ச செலவு 76 லட்சத்துக்கு மேல, அதுல சாப்பாடு, டீ, காபிக்கு மட்டும் 27 லட்சத்துக்கு மேலன்னு இருந்தது. ஊரே கொதிச்சது, மீம்ஸ் பறந்தது. நூத்துக்கணக்கான பேர் ராத்திரி பகலா புகைக்குள்ள வேலை பார்த்தாங்க, சாப்பாடு போட்டுத்தானே ஆகணும்னு பதிலும் வந்தது. கணக்கு சரியா தப்பான்னு நான் தீர்ப்பு சொல்ல வரலை. டீக் கணக்குல இருந்த வேகம், அந்தப் புகையைச் சுவாசிச்ச குழந்தைங்க விஷயத்துல எத்தனை பேருக்கு இருந்ததுன்னுதான் எனக்கு உறுத்துது.

உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? ஹாஸ்டல் மெஸ்ல தட்டு கழுவுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு டிரம் இருக்கும் பாருங்க. பாதி சாப்பிட்ட பரோட்டா, டிஷ்யூ, பிளாஸ்டிக் கப் எல்லாம் அதுக்குள்ள ஒண்ணா கிடக்கும். அது எந்த வண்டியில ஏறி எங்க போகுதுன்னு மெஸ் அண்ணன்கிட்ட ஒருநாள் கேளுங்க. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை போடற இடங்கள், மக்கும் குப்பையைக் கூடியமட்டும் தங்க இடத்துக்குள்ளேயே உரமாவோ எரிவாயுவாவோ மாத்தணும்னு 2016 திடக்கழிவு விதிகள்லேயே எழுதியிருந்தது. பெரிய ஹாஸ்டல் மெஸ் அந்த 100 கிலோவை ஈஸியாத் தாண்டிடும்.

இன்னொரு விஷயம். கிராமசபை மாதிரி நகரங்களுக்கு ஏரியா சபா வந்துடுச்சு, 2022 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டுல பல ஊர்கள்ல முதல் தடவையா நடந்தது. அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் அதுல உறுப்பினர். உங்க ஓட்டு இன்னும் சொந்த ஊர்லயே இருக்கும். நாலு வருஷம் இங்க தங்கப் போறவங்க, ஹாஸ்டல் முகவரிக்கே வாக்காளர் பட்டியல்ல பேரை மாத்திக்கலாம், அதுக்கு வழி இருக்கு.

வெள்ளலூர்லேர்ந்து கிளம்பும்போது பஸ்ல ஜன்னல் சீட் பிடிங்க. எதிர்ல குப்பை லாரிங்க வரும். சிலதுல பேனர் துணியும் வாழை இலையும் வெளிய தொங்கிட்டிருக்கும், முகூர்த்த நாளா இருந்தா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி.