பெய்யாமலா போயிரும்

மகள் குழாயைத் திறந்து விட்டபடி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே என் கை தானாகப் போய் அதை அடைத்தது. அது எங்கள் அப்பத்தாவின் கை. எம்.ரெட்டியபட்டி வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்குப் போகும், குளித்த தண்ணீர் முருங்கைக்குப் போகும். இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் கரிசல். கம்பு, சோளம், பருத்தி என்று புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்பார்கள். மழை ஏமாற்றினால் விதை மண்ணுக்குள்ளேயே போய்விடும். அந்த நாட்களில் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து கிழக்கே பார்ப்பாள். "பெய்யாமலா போயிரும்." கடன் வாங்கிப் போனவன் வராவிட்டாலும் அதே குரல்தான்: "தராமலா போயிருவான்."

1999இல் டான்யா சார்ட்ரண்ட், ஜான் பார்க் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். உடன் இருப்பவர் காலை ஆட்டினால் மற்றவரும் ஆட்டினார், முகத்தைத் தடவினால் அவரும் தடவினார். தாங்கள் அப்படிச் செய்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. கால் ஆட்டுவது ஒட்டிக்கொள்ளும் என்றால் பொறுமையும் ஒட்டும், அவசரமும் ஒட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சென்னையில் என் முதல் மேலாளருக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் எது பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில், "சரி, விஷயத்துக்கு வாங்க" என்பார். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். போன வருடம் ஊரிலிருந்து அத்தை போன் போட்டது. ஆடு குட்டி போட்டதைச் சொல்லி, கண்மாயில் தண்ணீர் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தது. "சரி அத்தை, விஷயத்துக்கு வாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒண்ணுமில்லப்பா. சும்மாதான் போட்டேன்."

அந்தச் 'சும்மா' பல நாள் தூங்கவிடவில்லை. ஐப்பசியில் ஊருக்குப் போனேன். அப்பத்தா இல்லாத அதே திண்ணையில் அத்தை உட்கார்ந்திருந்தது. வெயில் சாயும் வரை பேசியது. நான் வாய் திறக்கவில்லை. கிழக்கே லேசாகக் கறுத்தது.

"பெய்யாமலா போயிரும்" என்றது அத்தை. அப்பத்தா குரலேதான்.

"இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போயேன்ப்பா."

ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். நாலு நாள் போதுமா என்று தெரியாது. ஆனாலும் அந்தத் திண்ணையில் இருந்து பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது.