நோன்பு நோற்காத மகளின் ரமளான்



மார்க்கம் வழங்கும் சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே என்பதை நோயுற்ற ஒரு பிள்ளைக்கு விளக்குவது எளிதன்று. மதரஸாவில் பல ஆண்டுகளாக நோன்பின் சட்டங்களைக் கற்பித்து வருகிறேன். அவற்றை என் தங்கையின் மகளுக்கே சொல்ல நேர்ந்தபோது, ஒவ்வொரு சொல்லும் கனத்தது.

அவளுக்கு வயது 13. அழுதாலோ, ஓடி மூச்சிரைத்தாலோ அவளது வலக்கை சில நிமிடங்கள் தளரும், பேச்சு குழறும், பின்னர் தானாகவே சரியாகிவிடும். கண்ணேறு என்றனர் உறவினர் சிலர். ஸ்கேனும் ஆஞ்சியோகிராமும் உண்மையைக் காட்டின. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய தமனிகள் இருபுறமும் சுருங்கி வருகின்றன. அக்குறையை ஈடுகட்ட நுண்ணிய குழாய்கள் வலைபோல் கிளைத்திருக்கின்றன. படத்தில் அவை புகைமூட்டம் போல் தெரிவதால், 1969-இல் சுஸுகி, தகாகு என்னும் ஜப்பானிய மருத்துவர்கள் இந்நோயை ‘மோயாமோயா’ என்று அழைத்தனர்.

“எந்த உணவைக் கொடுத்தால் குணமாகும்?” என்பதே தங்கையின் முதல் கேள்வி. சுருங்கிய தமனியை விரிக்கும் உணவு எதுவும் இல்லை என்றார் மருத்துவர். உப்பும் கொழுப்பும் குறைந்த, காய்கறியும் பழமும் நிறைந்த சாதாரண உணவே போதும். ஆஸ்பிரின் இரத்தம் உறைந்து கட்டுவதைக் குறைக்கும், சுருக்கத்தை நிறுத்தாது. ஆகவே தலைத்தோலின் தமனி ஒன்றை மூளைத் தமனியுடன் இணைக்கவோ, மூளையின் மேற்பரப்பில் பதித்துப் புதிய குழாய்களை வளரச் செய்யவோ அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு கூறியவர்களும் அவர்களே. ஆஸ்பிரின் உட்கொள்பவருக்குக் கருஞ்சீரக எண்ணெய் கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்பது நபிவழிக்கு முரணாகாது.

மருத்துவர் இரண்டு எச்சரிக்கைகள் விடுத்தார். முதலாவது, உடலில் நீர் வற்றக்கூடாது. நீர் குறைந்தால் மூளைக்கான இரத்த ஓட்டம் மேலும் குன்றிப் பக்கவாதம் நேரலாம். இரண்டாவது, சூடான உணவை விடாமல் ஊதி ஆற்றக்கூடாது. வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் நாளங்கள் சுருங்குகின்றன. அதனால் எங்கள் வீட்டில் அவளுடைய நோன்புக் கஞ்சி முன்னதாகவே ஆற்றி வைக்கப்படுகிறது. உணவிலும் பானத்திலும் ஊதுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்று சொன்னதும், அவள் அதை மகிழ்ச்சியுடன் கடைப்பிடித்தாள்.

நோன்பைப் பற்றிப் பேசுவதுதான் கடினமாயிருந்தது. “மாமா, நான் பாலிகாகிவிட்டேனே! நோன்பை விட்டால் அல்லாஹ் கேட்க மாட்டானா?” என்று கண்கலங்கினாள். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆகிய வசனங்களை எடுத்து வைத்து விளக்கினேன். அங்கே நோயாளிக்கு விலக்களித்தவன் நோன்பைக் கடமையாக்கிய அதே இறைவன். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று நம்பகமான மருத்துவர் கூறினால், நோன்பை விடுவதே கடமை என்பர் ஃபிக்ஹு அறிஞர்கள். குணமடையும் வாய்ப்புள்ளவர் பின்னர் களாச் செய்வார். அவ்வாய்ப்பு இல்லாதவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவாக ஃபித்யா கொடுப்பார். “உன் உடல் அவனுடைய அமானிதம். அதைக் காக்க நீ குடிக்கும் தண்ணீருக்கும் நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ்” என்றேன்.

ஒருபுறத்துக்கான அறுவை சிகிச்சை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். மறுபுறத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். களாவா, ஃபித்யாவா என்பதை அதன்பின் மருத்துவரின் கூற்றைக் கொண்டு முடிவு செய்வோம்.

பெற்றோரே, பிள்ளையின் கையோ காலோ சில நிமிடங்கள் தளர்ந்து சரியானாலும், சரியாகிவிட்டதென்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பகலில் தண்ணீர் குடிக்கும் நோயாளியைக் கண்டால் காரணம் கேட்டு வருத்தாதீர்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.